தலாமஸை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மூளை ஸ்கேன் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எம்ஆர்ஐ எப்படி வேலை செய்கிறது, பேசும்போது மூளையின் எந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடுகிறது என்றெல்லாம் கலர் படத்தோடு தெளிவாகவே எழுதியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வரியைத் தவிர. 'தலாமஸ் என்பது உணர்வுச் செய்திகளைப் பெருமூளைக்கு அனுப்பிவைக்கும் தபால் நிலையம்' என்று ஒரே வரியில் அந்த உறுப்பின் கதையை முடித்துவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 29 வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே வரியைத்தான் நானும் சொல்லிக்கொடுத்தேன். தலாமஸ் என்றால் கடத்து மையம், அடிக்கோடு போட்டுக்கொள், இரண்டு மதிப்பெண். அந்த வரி எவ்வளவு போதாதது என்பது என் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலை, அக்கா அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது உடம்பின் இடப்பக்கம் முழுவதும் சட்டென்று மரத்துப்போனது. முகம், கை, வயிறு, கால் எல்லாம், நடு நெற்றியிலிருந்து கீழே கோடு போட்ட மாதிரி சரியாகப் பாதி. ஆனால் கை தூக்க முடிந்தது, நடக்க முடிந்தது, வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. அதனால் வீட்டில் யாரும் பயப்படவில்லை. பக்கவாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்ளும், வாய் கோணும் என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூங்கும்போது கை மடங்கியிருக்கும், பித்தமாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது, அதற்கு மாத்திரையும் ஒரு சத்து ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறு ஓர் ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: வலப்பக்கத் தலாமஸில் ரத்தக்குழாய் அடைத்து ஒரு சின்னப் புள்ளி செத்துப்போயிருந்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. 'சின்னதுதான், பயப்பட வேண்டாம்' என்றார்கள். நாங்களும் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வீடு திரும்பினோம்.

எரிச்சல் ஆரம்பித்தது மூன்றாவது மாதம். மரத்திருந்த இடக்கையில் உணர்ச்சி திரும்புகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டோம். அப்புறம் அது தோசைக்கல்லில் கையை வைத்து எடுக்கவே முடியாமல் நிற்கிற மாதிரியான எரிச்சலாக ஆகிவிட்டது. புடவைத் தலைப்பு உரசினால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். பச்சைத் தண்ணீரில் பாத்திரம் அலம்பவே முடியாது, குளிர்ச்சி பட்டால்தான் இன்னும் மோசம். ஐப்பசி மழைக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறவள் அவள், திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டி மழையைப் பிடிப்பாள், அவள் அந்த வருட மழைக்காலம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே கிடந்தாள். பார்த்தால் கையில் ஒரு சிவப்புகூடக் கிடையாது, வீக்கம் கிடையாது, புண் கிடையாது. முதல் ஆறு மாதம் அத்தானே நம்பவில்லை. மருமகள் வேலைக்குப் பயந்து சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஒரு டாக்டர் எங்கள் எதிரிலேயே 'எல்லாம் மனசுதான்' என்றார். எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் பழைய எம்ஆர்ஐ ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் அந்தப் புள்ளியைத் தொட்டு, இதனால்தான் அம்மாவுக்குக் கை எரிகிறது, இது நிஜமான வலி, பேரே இருக்கிறது என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். வலி குறையும் என்று சொன்னதற்காக இல்லை, அப்படி அவர் சொல்லவும் இல்லை. ஒருவர் நம்பினாரே என்றுதான்.

அன்றிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். கண் சரியில்லாவிட்டாலும் பேரனின் உதவியோடு தேடித் தேடிப் படித்தேன். இந்த வலியை 1906இல் பாரிஸில் ஜூல் டெஜெரின், குஸ்தாவ் ரூஸி என்ற இரண்டு பேர் விவரித்து 'தலாமஸ் நோய்க்குறி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்துப்போதல், பிறகு தாங்க முடியாத வலி, எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே. ஆனால் அவர்கள் காலத்தில் மண்டைக்குள் எங்கே பழுது என்று தெரிந்துகொள்ள நோயாளி இறக்கும்வரை காத்திருந்து மூளையை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பலவீனமே இல்லாமல் பாதி உடம்பு மட்டும் மரத்துப்போகிற பக்கவாதத்தை மில்லர் ஃபிஷர் என்பவர் 1965இல் தனியாக எழுதியபோதும் உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் பார்க்க வழியில்லை, சிடி ஸ்கேன் வந்ததே 1970களில்தான். எங்கள் ஊர் மாதிரி இடத்தில்கூட அக்கா உயிரோடு இருக்கும்போதே அந்தப் புள்ளியைக் காட்ட முடிந்ததே, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

சரி, தலாமஸ் என்றால் என்ன என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளையின் நட்டநடுவில், மூளைத்தண்டு வந்து முடிகிற இடத்துக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முட்டை வடிவம், ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கிரேக்க மொழியில் உள்ளறையைக் குறிக்கிறது. அந்த நெல்லிக்காய்க்குள் நரம்பு செல்கள் தனித்தனிக் கூட்டங்களாக இருக்கின்றன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வேலை. கண்ணிலிருந்து வருவதற்கு ஒன்று, காதுக்கு ஒன்று, தோலின் தொடுவுணர்வுக்கும் வலிக்கும் ஒன்று. மூக்கு மட்டும் விதிவிலக்கு, வாசனை தலாமஸில் நிற்காமலே நேராகப் பெருமூளைப் புறணிக்கு, அதாவது பெருமூளையின் வெளி அடுக்குக்குப் போய்விடும்.

இதுவரைக்கும் தபால் நிலையம் சரிதான். அடுத்துத்தான் சிக்கல். கண்ணிலிருந்து வரும் செய்தியை வாங்கும் தலாமஸ் பகுதியில், பூனையின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தபோது, கண்ணிலிருந்து வரும் இணைப்புகள் நூற்றுக்குப் பத்துகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் புறணியிலிருந்து திரும்பிக் கீழே வருபவை, மூளைத்தண்டிலிருந்து வருபவை, பக்கத்திலேயே இருக்கும் அடக்கும் செல்களிடமிருந்து வருபவை. எந்தத் தபால் நிலையத்தில் கடிதத்தைவிட அதை எப்படிக் கையாள வேண்டும் என்ற உத்தரவுகள் பத்து மடங்கு வந்துகொண்டிருக்கும்? முர்ரே ஷெர்மன், ரே கில்லெரி என்ற இருவர் இதைப் பல வருடம் ஆராய்ந்து, தலாமஸின் பெரும்பகுதி வெளியுலகச் செய்தியையே வாங்குவதில்லை, புறணியின் ஒரு பகுதி சொல்வதை வாங்கிப் புறணியின் இன்னொரு பகுதிக்குக் கொடுக்கிறது என்று வாதிட்டார்கள். அதாவது மூளை தனக்குத்தானே பேசிக்கொள்வதுகூட இதன் வழியாக நடக்கிறது.

பூனையில் பார்த்தது மனிதரிலும் உண்டா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஸ்கேன் ஆராய்ச்சி வருகிறது. 2002இல் பிரின்ஸ்டனில் சபீன் காஸ்ட்னரின் குழு ஒரு சோதனை செய்தது. எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுக்கும் எம்ஆர்ஐ) கருவிக்குள் படுத்திருப்பவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் சதுரங்கக் கட்டங்கள் மின்னும். கண்ணை நடுவிலிருந்து நகர்த்தக் கூடாது, கவனத்தை மட்டும் ஒரு பக்கம் வைக்க வேண்டும். கவனித்த பக்கத்துக்கான சமிக்ஞை தலாமஸிலேயே கூடியது, கவனிக்காமல் விட்டது குறைந்தது, இன்னும் ஒரு படி மேலே போய், படம் வருவதற்கு முன்னால் வெறுமனே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமிக்ஞை ஏறியிருந்தது. கண்ணுக்குள் விழுந்த வெளிச்சம் அதேதான், ஆனால் அது புறணிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எது வேண்டும் எது வேண்டாம் என்ற வேலை தொடங்கிவிடுகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் குரல் காதில் விழுந்தும் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

மறுவருடம், 2003இல், ஆக்ஸ்ஃபோர்டில் திமோதி பெஹ்ரன்ஸும் கூட இருந்தவர்களும் வேறு வழியில் போனார்கள். நரம்பிழைகளுக்குள் இருக்கும் தண்ணீர் இழையின் திசையிலேயே எளிதாக நகரும், குறுக்கே நகராது. அந்த நகர்வை எம்ஆர்ஐயில் அளந்து, தலாமஸின் ஒவ்வொரு துளியும் புறணியின் எந்தப் பகுதியோடு இணைந்திருக்கிறது என்று உயிரோடு இருப்பவர்களின் மூளையிலேயே வரைபடம் போட்டார்கள். சாதாரண எம்ஆர்ஐயில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் தலாமஸ், அந்தப் படத்தில் மாவட்ட வரைபடம் மாதிரிப் பிரிந்து தெரிந்தது. 2017இல் கை ஹ்வாங் (Kai Hwang) என்பவரின் குழுவினர், சும்மா படுத்திருப்பவர்களின் எஃப்எம்ஆர்ஐ தரவை வைத்து, மூளையின் பல வலையமைப்புகளும் ஒன்றுகூடும் சந்திப்பாகத் தலாமஸ் இருக்கிறது என்று காட்டினார்கள்.

அக்காவின் வலிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆய்வுகள் 2012இல் வந்தன. தலாமஸில் பக்கவாதம் வந்த எல்லோருக்கும் இந்த எரிச்சல் வருவதில்லை. அப்படியானால் யாருக்கு வருகிறது? வலி வந்தவர்களின் எம்ஆர்ஐ படங்களையும் வராதவர்களின் படங்களையும் எடுத்து, தழும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி வந்தவர்களின் தழும்புகள், தொடுவுணர்வுக்கான செல்கூட்டமும் புல்வினார் என்ற பின்பகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிக் குவிந்தன. சில மில்லிமீட்டர் வித்தியாசம், ஐயா. அந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என் அக்கா இன்றைக்கு மழையில் கை நீட்டிக்கொண்டிருப்பாள். 'சின்னதுதான், பயப்பட வேண்டாம்' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் தலாமஸில் அளவைவிட இடம்தான் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நாங்கள் தயாராக இருந்திருப்போம். எரிச்சல் சில வாரமோ சில மாதமோ கழித்து வரலாம் என்று தெரிந்திருந்தால் ஆறு மாதம் அவளைச் சந்தேகித்திருக்க மாட்டோம்.

உணர்வு வலியோடு தலாமஸ் கதை முடிவதில்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் 1975இல் மூச்சு நின்று மயங்கி விழுந்து, நினைவு திரும்பாமலே 10 வருடம் கிடந்து 1985இல் இறந்தார். செயற்கைச் சுவாசத்தை எடுக்கலாமா என்று அவருடைய பெற்றோர் நீதிமன்றம் போன வழக்கு உலகப் புகழ்பெற்றது. அவர் மூளையை ஆராய்ந்த அறிக்கை 1994இல் வந்தது. பெருமூளைப் புறணிதான் மொத்தமாக அழிந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் மிக மோசமான சேதம் இரண்டு பக்கத் தலாமஸிலும்தான் இருந்தது. விழிப்பு, பிரக்ஞை என்பதற்கே இந்த நெல்லிக்காய் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் துக்கமான சாட்சி வேண்டாம். அதையே திருப்பிப் பிடித்தவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நிக்கோலஸ் ஷிஃப். அடிபட்டு 6 வருடம் குறைந்தபட்ச நினைவோடு மட்டும் கிடந்த 38 வயதுக்காரர் ஒருவரின் தலாமஸின் நடுப்பகுதியில் மின்முனை வைத்துத் தூண்டியபோது அவர் சில சொற்கள் பேசினார், வாயால் சாப்பிட்டார் என்று 2007இல் ஷிஃப்பும் அவர் குழுவும் எழுதினார்கள். 2023இல், தலைக்காயத்துக்குப் பிறகு கவனம் தங்காமல் அவதிப்பட்ட 5 பேருக்கு இதே முறையைச் செய்து பார்த்தார்கள். எண்களையும் எழுத்துகளையும் வரிசையாகக் கோடு போட்டு இணைக்கும் சோதனையில் அவர்களுடைய முன்னேற்றம் 15 முதல் 52 சதவீதம்வரை இருந்தது. ஒவ்வொருவருடைய தலாமஸையும் ஸ்கேனில் பார்த்து, கணினியில் மாதிரி செய்து, மின்முனையை வைக்கும் இடத்தைத் தீர்மானித்தார்கள். ஐந்தே பேர்தான், அதை வைத்து வைத்தியம் கிடைத்துவிட்டது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் வண்டி விபத்தில் தலையில் அடிபட்டு, பிழைத்து, பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் இருக்கும் பையன்கள் நம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரையில் இருந்த கலர் புள்ளிகளைப் பார்த்தால் மூளை செல் வேலை செய்வதையே படம் பிடித்த மாதிரி இருக்கிறது. எஃப்எம்ஆர்ஐ பார்ப்பது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் மாற்றத்தை, அதுவும் சில விநாடி தாமதமாக. தலாமஸுக்கு இன்னும் கஷ்டம்: தலைக்கு மாட்டும், சமிக்ஞையை வாங்கும் கம்பிச்சுருளிலிருந்து தொலைவில் ஆழத்தில் இருப்பதால் சமிக்ஞை மங்கலாக வரும், நாடித்துடிப்புக்குத் தகுந்தாற்போல அந்த இடமே லேசாக ஆடும், படத்தின் ஒரு புள்ளி 2, 3 மில்லிமீட்டர் என்றால் அதில் இரண்டு செல்கூட்டங்கள் கலந்துவிடும். பல ஆய்வுகளில் தலாமஸ் விடுபட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். காந்தசக்தி மிக அதிகமான 7 டெஸ்லா எம்ஆர்ஐ கருவிகள் வந்த பிறகுதான் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. நம் சென்னை ஐஐடியிலேயே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருப்பருவத்து மூளைகளை 5,132 சீவல்களாகப் படம் பிடித்து 'தரணி' என்று 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. உங்கள் செய்தியாளர் ஒருவரை அங்கே அனுப்பித் தலாமஸைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமே.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கும் வாசகர்களுக்காக இதையும் எழுதுகிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூரில். வயலில் தேங்கும் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவால் பரவுவது, கிருமி பன்றியிலும் கொக்கிலும் தங்கும். அந்த வைரஸ் மூளையில் அதிகம் தாக்கும் இடம் தலாமஸ். எம்ஆர்ஐயில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியும். பிழைத்த பிள்ளைகளில் பலருக்குக் கை கால் முறுக்கிக்கொள்வதும் புத்தி மந்தமாவதும் தங்கிவிடுகிறது. டெல்டாக்காரர்கள் நாங்கள், வயலுக்கு நடுவில்தான் குடியிருக்கிறோம்.

அப்புறம் பக்கவாதம். திடீரென்று பாதி உடம்பு மரத்துப்போனாலும் அது பக்கவாதமாக இருக்கலாம், கை கால் விழ வேண்டும் என்ற அவசியமில்லை. அதேபோல் சிலருக்கு இரண்டு பக்கத் தலாமஸின் உட்பகுதிக்கும் ஒரே ரத்தக்குழாய்தான் போகும், ஜெரார் பெர்ஷெரோன் என்பவர் 1973இல் அதை விவரித்தார். அது அடைத்தால் கை கால் எல்லாம் அசையும், ஆனால் ஆள் எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருப்பார், முதலில் எடுக்கும் சிடி ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். குடித்திருப்பார், சர்க்கரை குறைந்திருக்கும், தூக்க மாத்திரை போட்டிருப்பார் என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஊசி பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் அதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும். நாங்கள் போனது மூன்றாம் நாள்.

வலி வந்தவர்களின் வீட்டாருக்கும் ஒன்று. சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. அமிட்ரிப்டிலின் மாதிரி மன அழுத்தத்துக்கும் கொடுக்கிற மாத்திரையையோ வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையையோ எழுதுவார்கள், நரம்பின் வலியைத் தணிக்கத்தான் அது. எங்கள் வீட்டில் மருந்துக் கடைக்காரர் 'இது டிப்ரஷன் மாத்திரை' என்று சொன்னதும், பார்த்தாயா மனசுதான் என்று மறுபடியும் ஆரம்பித்தது. அக்கா இரண்டு வாரம் கோபத்தில் மாத்திரையையே தொடவில்லை. இப்போது சாப்பிடுகிறாள், எரிச்சல் போகவில்லை, பாதியாகியிருக்கிறது என்கிறாள். மருமகள் அந்த ஃபிலிமைப் பார்த்த பிறகு பாத்திரம் அலம்ப வெந்நீர் வைத்துத் தருகிறாள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தலாமஸுக்கு ஒரு முழுப்பக்கம் கொடுங்கள். ஒரு நரம்பியல் மருத்துவரையும் ஒரு ஸ்கேன் மருத்துவரையும் சேர்த்து எழுத வையுங்கள், அந்தப் புள்ளிக்கு அம்புக்குறி போட்டு எம்ஆர்ஐ படம் ஒன்றும் போடுங்கள். படம் வேண்டுமென்றால் அக்காவின் ஃபிலிமையே அனுப்பிவைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன், போடச் சொல் என்றாள், ஓரத்தில் இருக்கும் பெயரை மட்டும் மறைத்துவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.